முன்னால் நிற்பவன்

எங்கள் வீடு கண்டியில் ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. ரோட்டுக்கு இறங்க ஐம்பத்தாறு படி. யாராவது இறந்துபோனால், அந்தப் படிகளில் ஜனாஸாவைச் சுமந்து இறங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. மையித்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைப் பின்னால் வருபவர்கள் தோளிலேயே வைத்துக்கொள்ளலாம். முன்னால் போகிற இரண்டு பேர்தான், அது சரியாமல் இருக்க, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி இறங்க வேண்டும்.

மேல்வீட்டுக்காரர் மௌத்தான அன்று அந்த வேலையை நான் செய்தேன். குண்டசாலையில் ஒரு ஜிம்முக்குப் போய் இரும்புப் பாரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பழகிக்கொண்டிருந்த காலம் அது. "இரும்போட என்ன கூத்து" என்று அதுவரை நக்கலடித்துக்கொண்டிருந்த வாப்பா, அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பும்போது என் தோளில் தட்டினார். "என்னையும் இப்பிடித்தான் கொண்டு போகணும் மகன். ஆடாம அசையாம." வீட்டுக்கு வந்து உம்மாவிடமும் சொன்னார். எனக்குத் தெரிந்து வாப்பா என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

ஜிம்மில் பயிற்சி கொடுத்தவர் நல்ல மனுஷன். தலைக்கு மேல் தூக்கும்போது தோளின் முன்பக்கமும் பக்கவாட்டும் வேலை செய்யும், கையின் பின்தசை முழங்கையை நிமிர்த்தும், கழுத்திலிருந்து முதுகுக்கு இறங்கும் தசை தோள்பட்டையை ஏற்றிக் கொடுக்கும், வயிறும் இடுப்பும் இறுகி உடம்பை நிறுத்தும் என்று தொட்டுக் காட்டுவார். "இதுக்கெல்லாம் அடியில நாலு சின்னத் தசை இருக்கு. கண்ணாடியில தெரியாது. மூட்டப் புடிச்சிட்டு இருக்கிறது அதுதான்" என்று ஒரு ரப்பர் பட்டியைக் கையில் கொடுப்பார். கண்ணாடியில் தெரியாததற்கு நான் ஏன் மெனக்கெட வேண்டும்? பட்டியை மூலையில் வீசினேன். ஒரு மாதமாகத் தோள் வலித்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. எழுபது கிலோவைத் தூக்குவதை ஃபோனில் வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு நின்றேன். தூக்கியும் விட்டேன். இறக்கும்போது வலது தோளுக்குள் துணி கிழிவதுபோல ஏதோ கிழிந்தது. பேராதனையில் பார்த்த டொக்டர், அந்த நாலில் ஒன்று அறுந்துவிட்டது என்றார். வீட்டில் சுளுக்கு என்று சொல்லி வைத்தேன். வீடியோவை மட்டும் ஊருக்கெல்லாம் அனுப்பினேன்.

மூன்றாம் மாதம் வாப்பா மௌத்தானார்.

சந்தூக்கு வாசலுக்கு வந்ததும் ஆட்கள் எனக்கு வழிவிட்டார்கள். "நீங்க முன்னுக்கு வாங்க. நீங்கதானே தூக்குற ஆள்." ஏலாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேருக்கு முன்னால் அது என் வாயில் வரவில்லை. இடது கையால் சமாளிக்கலாம் என்று நினைத்து முன்னால் போய் நின்றேன்.

நாலாவது படியில் வலது கை காதுக்கு நேராக நின்றுவிட்டது, அதற்கு மேல் ஏறவில்லை. இடது கை தனியாகப் பாரத்தைத் தாங்கவில்லை. சந்தூக்கு என் பக்கம் சரிந்தது. உள்ளே வாப்பா நழுவி வந்து பலகையில் முட்டிய சத்தம் என் காதோரம் கேட்டது. குச்சி என்று நான் எப்போதும் கேலி செய்கிற என் தம்பி, என்னை இடித்துத் தள்ளிவிட்டு இரண்டு கையையும் கொடுத்துப் பிடித்தான். மீதிப் படிகளை அவன்தான் இறங்கினான். நான் ஓரமாக வெறுங்கையோடு வந்தேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

அடக்கிவிட்டு வந்ததும், உள்ளறையில் இருந்த உம்மா என்னைக் கூப்பிட்டார்.

"வாப்பா சொன்ன மாதிரிக் கொண்டு போனீங்களா மகன்? ஆடாம அசையாம?"

தம்பி கதவருகே நின்றிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஓ உம்மா, அப்பிடித்தான்" என்றேன்.

உம்மா என் வலது தோளைத் தடவிக் கொடுத்தார்.