சிரிக்கும் சூரியனும் அழுகிற துறவியும்

இத்தாலியக் கடற்கரை ஊரான எங்கள் கியோஜ்ஜாவின் நூலகத்தில் மூலிகைகளைப் பற்றிய பழைய கையெழுத்து நூல் ஒன்று இருக்கிறது. அதன் எழுத்து எந்த மொழியென்று யாருக்கும் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் செடியை ஊகிக்க வேண்டும். நூலகர் ஜீத்தா பாதிச் செடிகளுக்குப் பெயர் கண்டுபிடித்திருந்தாள். இரண்டு பக்கங்கள் மட்டும் அவளைப் பாடாய்ப் படுத்தின. ஒன்றில், தண்டே இல்லாமல் தரையோடு ஒட்டி முட்களுக்கு நடுவே சிரிக்கிற சூரியன். அடுத்ததில், முக்காடு போட்ட துறவி. சுற்றிலும் கண்ணீர்த் துளிகள்.

"வரைஞ்சவனுக்கு அன்னிக்குப் பல்வலி. அவ்வளவுதான் விஷயம், அம்மணி," என்பார் அவள் கணவர் துய்லியோ. கடலில் மீன் பிடிப்பவர்.

"மீனுக்குத்தான் உன் வைத்தியம் சரி. நீ பேசாம இரு."

செப்டம்பரில் ஜீத்தாவின் அண்ணன் மகளுக்கு மலையூர் ஒன்றில் கல்யாணம். கடற்கரைக்காரர்களான இருவரும் அவ்வளவு உயரத்துக்குப் போனதே இல்லை. மாப்பிள்ளை வீட்டுக் கதவில் ஒரு காய்ந்த பூவை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். வெள்ளிக் கதிர்கள் விரித்த வட்டப் பூ. அழகாக இருக்கிறதே என்று ஜீத்தா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, முற்றத்துப் பந்தியில் போய் உட்கார்ந்தாள்.

பாலாடைக்கட்டி போட்ட சோளக்களி பரிமாறும்போது மாப்பிள்ளையின் அம்மா பெர்த்தா கதவைப் பார்த்தாள். "எல்லாரும் தட்ட எடுத்துக்கிட்டு உள்ள வாங்க! மழை வருது!"

வானத்தில் பெரிய மேகம்கூட இல்லை. ஜீத்தா திரும்பிப் பார்த்தாள். விரிந்திருந்த கதிர்கள் எல்லாம் நடுவை நோக்கிக் கூம்பி, முக்காடாகக் குவிந்திருந்தன.

"துய்லியோ! துறவி!" என்று கத்தினாள்.

"பாதிரியாரா? அவரு இன்னும் சாப்பிடுறாரே."

"அந்தத் துறவி இல்ல, மனுஷா! படத்துல இருக்கிறவரு! ரெண்டும் ஒரே செடி. வெயில்ல விரியுது, ஈரக்காத்து பட்டா மூடிக்குது. அது கண்ணீரே இல்ல, மழை!"

சொல்லி முடிப்பதற்குள் சடசடவென்று கொட்டியது. எல்லோரும் உள்ளே ஓட, அவள் மட்டும் முற்றத்தில் நனைந்தபடி குதித்தாள். துய்லியோ மேசை விரிப்பை உருவி அவள் தலைக்கு மேல் பிடித்தார். "பல்வலின்னு சொன்னேன்ல, வாபஸ்," என்றார். அவரையும் பிடித்து இழுத்து ஆட வைத்தாள். கல்யாணப்பெண்ணுக்கும் பொறுக்கவில்லை, செருப்பைக் கழற்றி வீசிவிட்டு வெளியே ஓடிவந்தாள்.

பதுவா பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் ஜீத்தா எழுதி அனுப்பிய விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அவள் அதே நூலில் மீன்தலை போன்ற வேருள்ள இன்னொரு செடியோடு மல்லுக்கட்டுகிறாள். "இது என் துறை," என்று துய்லியோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.