தேன் சுற்றக் கூலி என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகலையில் என் வீட்டு வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். கையில் தேனடை கட்டிய மரச்சட்டங்கள். வாயில் ஒரே கேள்வி – கூலி எவ்வளவு?

பள்ளிக்கூட வாத்தியாருக்கு இது எதற்கு என்கிறீர்களா? நான் தேனீ வளர்ப்பது உங்களுக்குத் தெரியும். தேயிலை பெக்டரியில் யந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருக்கும் நண்பர் அந்தோணி, ஒரு தகர டிரம்மையும் பழைய சைக்கிள் பற்சக்கரத்தையும் வைத்து எனக்குத் தேன் எடுக்கும் மெஷின் ஒன்று செய்து கொடுத்தார். சட்டத்தை உள்ளே வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் தேன் மட்டும் தெறித்து வடியும். அடை உடையாது. திரும்பப் பெட்டியில் வைத்தால் தேனீக்கள் மறுபடி நிரப்பிவிடும்!

செய்தி பரவ எத்தனை நாளாகும்? வட்டவளையிலிருந்துகூட ரயிலேறி வந்துவிட்டார்கள்.

"சட்டத்துக்குப் பத்து சதம்" என்று அறிவித்தேன். எவ்வளவு நியாயமான விலை! எனக்கே என்மேல் பெருமை.

அக்கரப்பத்தனையில் கொழுந்து பறிக்கும் ராக்கம்மா முன்னால் வந்து, துணியை விலக்கி ஆறு சட்டங்களைக் காட்டினார்.

"பாருங்க சார், எல்லாத்துலயும் பாதிதான் தேன் இருக்கு. மத்தவங்க சட்டம் முழுசா ரொம்பியிருக்கு. எல்லாருக்கும் ஒரே காசுங்களா?"

என் பெருமை அதோடு சரி.

அந்தோணிதான் வழி சொன்னார். "சுத்துறதுக்கு முன்னால ஒருக்கா நிறுப்போம் சார், சுத்துன பெறகு ஒருக்கா நிறுப்போம். கொறையறதுதானே தேன்? றாத்தலுக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கங்க."

நான் துள்ளாத குறை! அவர் கடைத்தெருவுக்கு ஓடி, முள் வைத்த கொக்கித் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்து வாசலில் தொங்கவிட்டார்.

ராக்கம்மா துணியை இழுத்து மூடினார்.

"தராசுன்னா வேணாங்க சார். நான் பஸ் ஏறிப் போறேன்."

"ஏம்மா?"

"தோட்டத்துல கொழுந்து நிறுக்கையில கூடைக்கு ரெண்டு றாத்தல் கழிப்பாங்க, ஈரத்துக்கு ரெண்டு றாத்தல் கழிப்பாங்க. எதுத்துக் கேட்டா அரைநாள் சம்பளந்தான். தராசு யாரு கையில இருக்கோ, அவங்க சொல்றதுதான் றாத்தல்."

இன்னும் இரண்டு பேர் சட்டங்களைத் தூக்கிக்கொண்டார்கள். எனக்குப் பதறியது. வீட்டுக்குப் போய் அடைகளைக் கையால் பிழிந்துவிடுவார்களே... தேனீக்களின் பாடெல்லாம் வீணாகுமே!

தராசை விட்டுத் தள்ளி நின்றேன். "நான் தொடமாட்டேன். நீங்களே நிறுங்க, நீங்களே முள்ளைப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் கணக்கு. றாத்தலுக்குப் பத்து சதம்."

"நெசமாவா சார்? எனக்கு எழுத்து வராது. ஆனா நம்பரு தெரியும்."

அவரே மாட்டினார். முள்ளுக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுபோனார். "ஏழு!"

அந்தோணி சட்டங்களை உள்ளே வைக்க, நான் சுற்றினேன். டிரம்மின் அடியில் பொன்னிறமாகத் தேன் வழிந்தது. சுற்றி நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். ராக்கம்மா மறுபடி நிறுத்தார். விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார்.

"மூணேகால் றாத்தல்!" இந்த மலையில் கத்தியது அந்த மலையிலும் கேட்டிருக்கும்.

"சரிம்மா, கால் றாத்தல் போகட்டும். மூணுன்னே வச்சுக்குவோம்" என்றேன்.

வந்ததே கோபம்!

"எதுக்குங்க கழிக்கிறீங்க? நான்தானே நிறுத்தேன்? மூணேகாலுன்னா மூணேகாலுதான்!"

முழுக் கூலியையும் என் கையில் வைத்துவிட்டுத்தான் வடிந்த தேனை நிரப்பிய போத்தல்களைத் தொட்டார். பிறகு மற்ற எட்டுப் பேரும் அப்படியே – அவரவர் சட்டத்தை அவரவரே நிறுத்தார்கள்.

தோள்பட்டை இன்னும் வலிக்கிறது... வருகிற ஞாயிறு இருபது பேர் வருகிறார்களாம்!