அலைக்குளத்துக்கும் ராட்டினத்துக்கும் நடுவே

என் சித்தி ரோஸ்மேரி சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தையல் மிஷின் முன்னால் உட்கார்வதைக் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கே காலும் கையும் ஓடிக்கொண்டிருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது யாருடைய சட்டைக்காவது பட்டன் தைப்பாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தை இழுத்துவிட்டால் அவள் விரல்கள் முந்தானை ஓரத்தை மடித்து நீவிக்கொண்டே இருக்கும். திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயிலை ஒட்டிய கட்டடத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். அம்மா இறந்தபின் எங்கள் வீட்டோடு வந்து தங்கி, தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி இல்லாமல் என்னை வளர்த்தாள். வளர்த்தாள் என்பதைவிட விரட்டினாள் என்றால் பொருந்தும். "லிடியா, சாப்புட்டியா, துணிய மடிச்சியா, மடிச்சாச்சுன்னா அந்தப் பூண்ட உரி" என்பதுதான் எங்கள் வீட்டில் இடைவிடாமல் கேட்கிற பாட்டு.

எனக்கு இருபத்தேழு வயது முடிந்திருந்தது. நூல் மில் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. பெண் பார்க்க வந்தவர்கள் வரிசையாக வந்து போய்விட்டார்கள். ஒருவர் என் முன்பல் கட்டின பல்லா என்று கேட்டார். இன்னொரு வீட்டார் பஜ்ஜியைப் பாராட்டிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. இனிமேல் எவன் வந்தாலும் பட்டுச்சேலை கட்டி, காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜமுக்காளத்தில் உட்கார மாட்டேன் என்று அப்பாவிடமும் சித்தியிடமும் கத்திச் சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். சித்தி மட்டும், "சரி. உக்கார வேணாம்" என்றாள். அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அது 1999, ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள் பாடற்குழுப் பிள்ளைகளை மதுரை ரோட்டில் இருந்த தீம் பார்க்குக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அந்த பார்க்கில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெனரேட்டருக்கு ஊற்றுகிற டீசலை மிச்சம் பிடிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் வைத்திருந்தார்கள். காலையில் அலைக்குளம் ஓடும். அது நின்றால் சாயங்காலம் ராட்சச ராட்டினம் சுற்றுகிற வரைக்கும் ஒன்றும் அசையாது. ஜனங்கள் மர நிழலில் புளிசாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக் கிடப்பார்கள். முந்தின வருஷம் போனபோது இந்த இடைவெளி சித்தியைப் படாத பாடு படுத்திவிட்டது. கடைசியில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, கொண்டுபோன சின்ன வெங்காயத்தை உரிக்க வைத்தாள். தீம் பார்க்குக்குப் போய்க் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் எங்கள் பங்குப் பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

இந்த வருஷம் அதே இடைவெளியில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுவது என்று சித்தி முடிவு செய்திருந்தாள். எனக்கு இது பிறகுதான் தெரியும். எரியோட்டில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்த ஆனந்த்ராஜ் என்ற பையனையும் அவன் அம்மா செபாஸ்தியம்மாளையும் பார்க்குக்கு வரச் சொல்லி, கோயில் உபதேசியார் மூலமாகச் சேதி அனுப்பியிருந்தாள். கேன்டீனுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் அவர்கள் இருக்க வேண்டும். நாங்கள் தற்செயலாக வந்ததுபோல் வருவோம். முன்னேபின்னே பார்த்ததில்லையே, அடையாளம்? அந்தோணியாருக்கு நேர்ச்சை, அம்மா பழுப்புச் சேலை கட்டியிருப்பார் என்று பதில் வந்தது. சித்திக்கு அது போதுமாக இருந்தது.

ஜூன் மாதம் அந்தோணியார் திருநாள் மாதம். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் நேர்ச்சைக்குப் பழுப்புச் சேலைதான் கட்டுவார்கள். அந்த மாதம் சித்தியின் மிஷினில் ஓடியதே பழுப்பு ஜாக்கெட்தான். இருந்தும் அவளுக்குத் தோன்றவில்லை.

அலைக்குளம் நின்று, நான் துணி மாற்றி வந்ததும், "வா, செத்த நேரம் காலாற நடப்போம்" என்று கையைப் பிடித்தாள். ஈரத் தலையை உலர்த்தக்கூட விடவில்லை. பாதி வழியில், வாத்து வடிவப் படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்த இடத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் பழுப்புச் சேலையில் ஓர் அம்மா. பக்கத்தில் உயரமாக, நன்றாக எண்ணெய் வைத்துச் சீவிய மகன். வேப்பமரம் வரைக்கும் போய்ப் பார்க்கச் சித்திக்கு எங்கே பொறுமை இருக்கிறது. நேராகப் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டு, "தோத்திரம்க்கா. அந்தோணியார் நேர்ச்சையா?" என்றாள்.

"ஆமாத்தா" என்றார் அந்த அம்மா. முடிந்தது. ஊர் பேர் எதையும் கேட்கவில்லை. பையன் பெயர் டோனி என்றபோதுகூட, வீட்டில் கூப்பிடுகிற பெயராக இருக்கும் என்று வைத்துக்கொண்டாள். நான் டைப் அடிக்கிற வேகம், வைக்கிற மீன் குழம்பு, பாடுகிற குரல் எல்லாவற்றையும் வெயில் சாய்கிற வரைக்கும் அடுக்கினாள். அந்த அம்மா மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. முன்பின் தெரியாதவர்களிடம் என் மீன் குழம்பைப் பற்றி என்ன பேச்சு?

"ரெண்டு பேரும் போயி ராட்டினம் எப்பச் சுத்தும்னு கேட்டுட்டு வாங்க" என்று எங்களை அனுப்பிவிட்டாள். டோனி நல்ல மாதிரிதான் பேசினான். கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைக் கையுறை திண்டுக்கல்லில் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று கேட்டான். தெரிந்த கடையைச் சொன்னேன். திரும்பி வந்தபோது சித்தியின் முகம் பளபளவென்று இருந்தது.

"என்னக்கா, தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்ருங்க. புடிச்சிருக்கா, என்னன்னு" என்றாள்.

"என்னத்தப் புடிக்கணும்?" என்றார் அந்த அம்மா. "இவனுக்குக் கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சே. வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை. மறுநாள் சாணார்பட்டியில கல்யாணம். நீங்களும் வாங்க."

மூன்று ஞாயிறு கோயிலில் பெயர் வாசித்து, தடை சொல்ல யாரும் இல்லையென்றால்தான் எங்களில் கல்யாணம். இரண்டு வாசித்த பையனுக்குச் சித்தி என்னைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. "சித்தி, என்ன வேல பாத்திருக்க நீ?" என்று ஆரம்பித்தேன். அவள் காதில் விழவே இல்லை. வேப்பமரத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்திருந்தாள். ராட்டினம் சுற்றத் தொடங்கிவிட்டது. எங்கள் பிள்ளைகள் மேலேயிருந்து கையாட்டிக் கத்தினார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மரத்தடியில் யாரும் இல்லை. கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற ஒச்சாயி என்ற பெண் மட்டும் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு அம்மாவும் மகனும் காலையில இருந்து இங்கனயேதான் இருந்தாக" என்றாள். "இப்பத்தான் போறாக. பொம்பளப் புள்ளையக் கூட்டிக்கிட்டு யாரு வந்தாலும் அந்தம்மா சேலையச் சரி பண்ணிக்கிட்டு எந்திரிக்கும். பெறகு உக்காரும். பாவமா இருந்துச்சு."

சித்தி மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அவளிடம் நான் சண்டை போட்டேன். பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். "என்னக் கேக்காம எதுக்கு இந்த வேல? நான் என்ன சந்தையில நிக்கிற ஆடா?" என்றேன்.

"உக்கார மாட்டேன்னு சொன்ன. அதான் நடந்துக்கிட்டே பாக்கட்டும்னு நெனச்சேன்" என்றாள் சித்தி. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "என்னையும் ஒரு நாள் உக்கார வச்சாங்க. உங்கம்மாவோட கல்யாணச் சேலையக் கட்டி, தலை நெறைய பூ வச்சு. காலையில வாரோம்னாங்க. பொழுது சாயிற வரைக்கும் உக்காந்திருந்தேன். வரல. ஏன் வரலன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பவும் இல்ல. பூவப் பிச்சுப் போட்டுட்டு, குமிச்சுக் கெடந்த கடலைய உரிக்கப் போயிட்டேன். அன்னையில இருந்து சும்மா உக்காந்தா எனக்கு நெஞ்ச அடைக்குது."

எனக்குக் கோபம் முழுசாகப் போகவில்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகளை அவரவர் வீட்டாரிடம் ஒப்படைத்ததும், "நீ வீட்டுக்குப் போ. நான் எரியோடு வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றாள். அவளைத் தனியாக விட மனசில்லாமல்தான் நானும் ஏறினேன். மாப்பிள்ளை பார்க்கிற எண்ணம் சத்தியமாக இல்லை.

வீடு கடைக்குப் பின்னால். முன்னால் கழற்றிப் போட்ட கிணற்று மோட்டார்கள். கறுப்பாக, குட்டையாக, கையெல்லாம் வார்னிஷ் கறையோடு ஒருவர் எழுந்து வந்தார். சித்தி யாரென்று சொன்னதும் அவர் முகம் ஒரு நொடி இறுகி, பிறகு சரியானது. "உக்காருங்க. அம்மா ஜெபமாலை சொல்லிட்டிருக்கு" என்றார்.

உள்ளே செபாஸ்தியம்மாளின் குரல் கேட்டது. ஜெபமாலை முடிந்தது. பிரார்த்தனை முடிந்தது. அப்புறம் முதலிலிருந்து இன்னொரு ஜெபமாலை ஆரம்பித்தது. நாங்கள் வந்திருப்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "வா போகலாம். வேணும்னே பண்ணுது அந்தம்மா" என்று எழுந்தேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"இரு புள்ள. அவுக உக்காந்த மாதிரி நாமளும் உக்காரணும்."

அவள் பைக்குள் ஊசியும் நூலும் இருந்தன. எடுக்கவில்லை. அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது.

ஆனந்த்ராஜ் கையைக் கழுவிவிட்டு, அவரே காப்பி போட்டு, தட்டில் வைத்து எடுத்து வந்தார். ஒரு டம்ளர் சரிந்து தட்டெல்லாம் காப்பி. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"அம்புட்டு நேரம் அங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல. செத்த நேரம் சுத்திப் பாக்கலாம்னுதான் ஆசை" என்றார். "எந்திரிச்சுப் போன நேரம் பாத்து நீங்க வந்துட்டா?"

நான் அவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

இரண்டாவது ஜெபமாலையும் முடிந்து செபாஸ்தியம்மாள் வெளியே வந்தார். அதே பழுப்புச் சேலை. எங்களுக்காகக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்த கசங்கல் அப்படியே இருந்தது. "இப்ப எதுக்கு வந்தீக?" என்றார்.

சித்தி எழுந்து நின்றாள். பழுப்புச் சேலையைப் பார்த்து ஏமாந்த கதையைச் சொன்னாள். அந்த அம்மாவின் முகம் இளகவில்லை.

"புடிக்கலன்னா புடிக்கலன்னு இருந்துட்டுப் போக வேண்டியதுதான. இதச் சொல்ல இம்புட்டுத் தூரம் வரணுமா?"

"எனக்கு ஒருத்தங்க வரலக்கா" என்றாள் சித்தி. "ஏன் வரலன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நீங்களும் தெரியாமப் படுக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்."

செபாஸ்தியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "உக்காரு. காப்பி ஆறுது பாரு" என்றார். சித்தி உட்கார்ந்தாள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அவள் கேட்கவே இல்லை. நான்தான் கேட்டேன்.