இரண்டு டிப்போ அளவுத் தண்ணீர்

என் வீட்டுக்காரருக்கு வாயில் பூட்டு. தானாகப் போட்டுக்கொண்டாரா, பிறக்கும்போதே தொங்கியதா, யாருக்கும் தெரியாது. காபி வேணுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். அது வேணும் என்கிற ஆட்டலா, வேண்டாம் என்கிற ஆட்டலா என்று கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. என் நாத்தனார் கல்யாணத்தன்றைக்கே எச்சரித்தாள்: "எங்க அண்ணன் தங்கம்தான் அண்ணி, ஆனா சுரண்டினாலும் சத்தம் வராது."

பேருந்து ஓட்டுகிறார். ஊர் நடுவே இருக்கும் டிப்போவில் கிளம்பினால், கடைத்தெரு, ஆஸ்பத்திரி, தொழிற்சாலைச் சுவர் எல்லாம் தாண்டி, கடைசி நிறுத்தம் ஏரிக்கரைப் பூங்கா. அங்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் டிப்போ. இந்த ஒரே தடத்தில்தான் அவர் தலை நரைத்தது. வீட்டிலும் அவர் டிரைவர்தான். என்னோடு தெருவில் நடந்தால் இடது ஓரமாகவே நடப்பார், முனை வந்தால் மெதுவாவார், பின்னால் யாராவது வந்தால் வழி விடுவார். சாப்பிட உட்கார்ந்தால் இடது கை தன்பாட்டுக்குக் கியரைத் தேடும். யாராவது குறுக்கே வந்தால் வலது கால் தரையை அழுத்தும். தரை நிற்குமா?

இந்த ஊமைக்கோட்டான் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பார். பூங்கா.

எங்கள் வீடு இரண்டே அறை. முன்னறையில் ஜன்னலை ஒட்டி மாமனாரின் கட்டில், அதன் கால்மாட்டில் என் தையல் மிஷின். மாமனாருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நான் வீட்டிலிருந்தபடியே ஜிப் மாற்றுவது, பேன்ட்டுக்கு மடிப்பு அடிப்பது என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் வேலை முடிந்து வந்தால் நான் கடைக்குப் போவேன், நான் திரும்பினால் அவர் படுக்கப் போவார். வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மாமனார் படுத்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து வாசல்படி தாண்டியது கிடையாது.

சாயங்காலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்காருவார். நான் ஸ்பூனால் மாமனாருக்கு ஊட்டிக்கொண்டிருப்பேன். ஆரம்பிப்பார்.

"இன்னிக்கு அந்த வெள்ளைப் பறவை வந்துச்சு. ஒத்தக் கால்ல நின்னுட்டே இருந்துச்சு. அசையவே இல்ல."

"அப்புறம்?"

"ஒரு அம்மா செருப்பு தண்ணில விழுந்துடுச்சு. அவங்க வீட்டுக்காரர் குச்சியால எடுக்கப் போய், அவர் செருப்பும் போச்சு."

மாமனாரின் முகத்தில் நல்லாயிருந்த பாதி சிரிக்கும். நானும் சிரிப்பேன். முதுகு உடைந்த ஒரு பெஞ்சு, அதில் தினமும் சண்டை போட்டுக்கொண்டே உட்காரும் இரண்டு ரிட்டயர்டு வாத்தியார்கள், மழைக்கு முன்னால் தண்ணீர் ஈயப் பாத்திரம் மாதிரி நிறம் மாறுவது, எல்லாம் எனக்கு அத்துப்படி. நாள் முழுக்க மருந்து வாடையில் கிடக்கிறவளுக்கு அது ஜன்னலுக்குள் ஜன்னல். உள்ளதைச் சொல்கிறேன், அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் மற்ற நேரத்தைத் தாங்கினேன்.

ஒரு தடவை மாமனாருக்கு ஊட்டிக்கொண்டே கேட்டேன். "எவ்ளோ பெருசுங்க அது?"

கொஞ்சம் யோசித்தார். "நம்ம டிப்போ ரெண்டைச் சேர்த்து வச்சா வரும்."

டிப்போ நான் பார்த்திருக்கிறேன். அதை இரண்டாக்கி, தண்ணீர் ஊற்றி, கரையில் பெஞ்சைப் போட்டு, பறவையை நிறுத்தி, மனதுக்குள் ஒரு பூங்கா கட்டிக்கொண்டேன். நான் பிறந்த பக்கத்தில் ஏரி என்றால் இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும். அதனால் எனக்கு அந்த அளவு சரியாகவே பட்டது. போனில் படங்களும் பார்த்திருக்கிறேன். படத்தில் முக்கால்வாசி ஆட்களின் பல்தான், பின்னால் கொஞ்சம் நீலம்.

போன வருஷம் மாமனார் கண்ணை மூடினார். அழுது ஓய்ந்து, கட்டிலை மடித்து வைத்த பிறகு, வீடு காலியாகக் கிடந்தது. ஒரு நாள் சொன்னேன்: "இனிமே என்னங்க தடை? வாங்க, பூங்காவுக்குப் போய்ட்டு வரலாம்."

அவர் முகம் செத்துப்போனது. "வெயிலா இருக்கு" என்றார். அடுத்த வாரம் கால் வலி. அதற்கடுத்த வாரம், "பெயின்ட் அடிக்கிறாங்களாம், மூடிட்டாங்க." மழை வந்தது; "வழுக்கும்." மழை போனது, "கூட்டம்." எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. எத்தனை சாக்கு! சாக்கை அடுக்கினால் மூட்டைக்கடையே வைக்கலாம்.

மாடிவீட்டு அக்காவிடம் புலம்பினேன். அவளுக்கு முட்டி வலி, படி இறங்க மாட்டாள், ஆனால் நாக்கு நாலு தெரு இறங்கிவிட்டு வரும்.

"ஏண்டி, தினமும் ஒரு ஆம்பளை ஒரு இடத்துக்குப் போறாரு. கதைகதையாச் சொல்றாரு. பொண்டாட்டி வரேன்னா மட்டும் வேணாங்கறாரு. நெருப்பில்லாமப் புகையுமா?"

செருப்பு விழுந்த அம்மா யார்? இத்தனை விஷயம் ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து பார்ப்பாரா, பக்கத்தில் யாரும் இல்லாமல்? அன்று ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. அவர் போனால் அவர் மட்டுமா போவார்? கட்டில் ஓரத்து அத்தனை சாயங்காலங்களும் பொய்யாகிவிடும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அவர் ஓட்டும் வண்டியில் ஏறினேன். பின் வாசல் வழியாக, தலையில் முக்காடு, கையில் குடை, கண்ணில் மாடிவீட்டு அக்காவின் கூலிங்கிளாஸ். கடைசி சீட்டில் குனிந்து உட்கார்ந்தேன். கண்டக்டர் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் என்று நினைத்து, "ஆஸ்பத்திரி வந்தா நானே சொல்றேம்மா" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். திருட்டுத்தனமாகப் போனவளுக்கும் பெருமையாக இருந்தது. நின்றவர்கள் ஒருவரும் கம்பியைப் பிடிக்கவில்லை. அவ்வளவு பூப்போல ஓட்டுகிறார் மனுஷன்.

கடைசி நிறுத்தம் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, அவருக்கு முன்னால் உள்ளே போய் ஒளிந்து நின்று கையும் களவுமாகப் பிடிப்பது என்று திட்டம். சுற்றுச்சுவர், கேட், அதற்கப்பால் நெருக்கமாக மரங்கள். வெளியிலிருந்து தண்ணீரின் ஒரு துளிகூடத் தெரியவில்லை. மரங்களுக்கு நடுவே பாதை வளைந்து போனது. வளைவைத் தாண்டினேன்.

அம்மாடி.

கண்ணாடியைக் கழற்றினேன். முக்காடு எப்போது நழுவியதோ தெரியாது. எனக்கு முன்னால் தண்ணீர். வலது பக்கம் திரும்பினேன், தண்ணீர். இடது பக்கம் தண்ணீர். அந்தக் கரையைத் தேடினேன், கரை என்று ஒன்றே இல்லை. தண்ணீர் போய்ப்போய், வானம் எங்கே ஆரம்பித்தது என்று பிரிக்க முடியாத இடத்தில் கரைந்துவிட்டது. தூரத்தில் ஒரு படகு, நான் பட்டன் தைக்கும் ஊசியின் காது அளவுக்கு. வெயில் முழுசாக விழுந்தும் அந்தத் தண்ணீருக்கு அது போதவில்லை. ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் மேகத்தின் நிழல், இன்னொரு பக்கம் எங்கோ மழையே பெய்துகொண்டிருந்தது. ஒரே இடத்தில் மூன்று பருவம். காற்று வந்து புடவையைப் பிடித்து இழுத்தது. பயமா, சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இத்தனை பெரியது இவ்வளவு பக்கத்தில், ஒரு பேருந்துத் தூரத்தில், நான் ஜிப் மாற்றிக்கொண்டிருந்த நாளெல்லாம் இங்கேயே இருந்திருக்கிறது!

பக்கத்தில் முதுகு உடைந்த பெஞ்சு இருந்தது. அதில் இரண்டு பெரியவர்கள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லின்மேல் வெள்ளைப் பறவை ஒற்றைக் காலில் நின்றது. அவர் சொன்ன எதுவும் பொய்யில்லை.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு டிப்போ!

இதைப் பார்த்த கண்ணுள்ள ஒருவன் இரண்டு டிப்போ என்று சொல்வானா? ஆயிரம் டிப்போவைக் கொண்டுவந்து கொட்டினாலும் இதில் ஒரு ஓரம்கூட நிரம்பாதே. மனுஷன் இதைப் பார்த்ததே இல்லை!

திரும்பி ஓடினேன். வண்டி அங்கேயே நின்றது. காலி வண்டியில் அவர் சீட்டிலேயே உட்கார்ந்து கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"ரெண்டாவது ஸ்டாப்லயே பாத்துட்டேன்" என்றார், தலைக்கு மேல் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டி. "நம்ம குடை."

"அது கிடக்கட்டும். நீங்க உள்ள போனதே இல்ல. அப்படித்தானே?"

துணியை நாலாக மடித்தார். அப்புறம் எட்டாக மடித்தார்.

"வண்டியத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாதும்மா. லீவு நாள்ல அப்பா இருந்தாரு."

"அப்போ அந்தக் கதையெல்லாம்?"

"திரும்பி வர்றவங்க பேசிப்பாங்க. எனக்குப் பின்னாலதானே உக்காருவாங்க. கேட்டுட்டு வருவேன். நீ சிரிச்ச. அப்பாவும் சிரிச்சாரு. எனக்குச் சொந்தமா எதுவும் பேச வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"அப்பா போனப்புறம் கூப்பிட்டேனே! அப்பவாவது வர வேண்டியதுதானே?"

"உன்னைக் கூட்டிட்டு வந்து எந்தப் பக்கம் போகச் சொல்லுவேன்?" மடித்த துணியை மறுபடியும் பிரித்தார். "கேட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கு வழி தெரியாது. இவ்ளோ நாளும் ஏமாத்திட்டான்னு நெனச்சுடுவியே."

எனக்குக் கோபம்தான் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்குள் ஆட்கள் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. எனக்குப் பின்னால் பேச்சும் கிளம்பியது. ஐஸ்கிரீம் சட்டையில் வடிந்ததாம். பறவை மீனை விழுங்கிவிட்டதாம். யாரோ ஒருவர் தொப்பி காற்றில் போனதாம். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட, அந்தத் தண்ணீர் எவ்வளவு பெரியது என்று பேசவில்லை. பார்த்தவர்களுக்குள் அதை என்னவென்று பேசிக்கொள்வது? பார்க்காதவர் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தேன். சாலையைப் பார்த்துக்கொண்டே, தொப்பிக் கதையை ஒரு சொல் விடாமல் பொறுக்கிக்கொண்டிருந்தார். இன்று சாயங்காலத்துக்கு. எனக்கு.

என் கோபம் ஆஸ்பத்திரி ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டது.

அவருடைய அடுத்த லீவு நாளில் இருவரும் போனோம். வேறு டிரைவர் ஓட்டினார். வழிநெடுக இவர் கால் தரையில் பிரேக் போட்டுக்கொண்டே வந்தது. கேட்டில் தயங்கி நின்றார்.

"வாங்க, எனக்கு வழி தெரியும்" என்றேன்.

மரங்கள் வரைக்கும் இடது ஓரமாகவே நடந்தார். வளைவில் வழக்கம்போல் மெதுவானார். திரும்பினார். வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. நின்றுவிட்டார்.

நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. கண் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குப் போனது, முடிவு கிடைக்காமல் திரும்பி வந்தது. ஊர் முழுவதையும் இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்ட மனுஷன் தானும் ஒரு நாள் வந்து இறங்கிவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் வழி விடவில்லை. நான் பார்க்க, முதல் தடவையாக அவர் யாருக்கும் வழி விடாமல் நின்றார்.

அப்புறம் சொன்னார். "அப்பாகிட்ட ரெண்டு டிப்போன்னு சொல்லிட்டேனே."

சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. உடைந்த பெஞ்சில் இருந்த இரண்டு வாத்தியார்களும் சண்டையை நிறுத்திவிட்டுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். இருட்டும் வரை அங்கேயே இருந்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை, அவரும் சரி, நானும் சரி. நானே பேசவில்லை என்றால் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபோது மாடிவீட்டு அக்கா கைப்பிடிச் சுவரில் காத்திருந்தாள். "என்னடி, எப்படி இருந்துச்சு? எவ்ளோ பெருசு?"

வாயைத் திறந்தேன். கையை விரித்துப் பார்த்தேன், கை போதவில்லை. அவள் அங்கே வரப் போவதில்லை, அந்த முட்டியை வைத்துக்கொண்டு. எதையாவது நான்தான் கொடுத்தாக வேண்டும்.

"அங்க ஒரு வெள்ளைப் பறவைக்கா. ஒத்தக் கால்லயே நிக்குது" என்றேன். "அசையவே மாட்டேங்குது."

எனக்குப் பின்னால், இருட்டில், என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "தொப்பி போனதையும் சொல்லு."