எஞ்சின் பின்னால் இருந்த கார்

ஒரு காரில் எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதை என் உடம்பு இன்றைக்கும் சொல்லும். எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேர்னின் பிரன்ஸ்விக்கில், ஓர் இத்தாலியரின் கராஜில் வேலை செய்தபோது வந்து சேர்ந்த அறிவு அது. அதற்கு முன் கப்பலில் எண்ணெய் துடைத்தேன். பிறகு மில்டூரா பக்கம் திராட்சைத் தோட்டங்களில் முந்திரிகைக் குலை பறித்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எந்த நாட்டிலும் இப்படியான வேலைகள்தான் கிடைக்கும்.

உள்ளூர்ப் பெரிய கார்களில் எல்லாம் ஒரே ஒழுங்கு. எஞ்சின் முன்னால், அதற்குப் பின்னால் கியர்ப் பெட்டி, நடுவால் ஒரு நீளத் தண்டு போய்ப் பின் சில்லுகளைச் சுழற்றும். கண்ணை மூடிக்கொண்டு கழற்றலாம். இத்தாலியக் கார்கள் அப்படியில்லை. ஒன்றில் எஞ்சின் முன்னால் இருக்கும், கியர்ப் பெட்டியும் கிளச்சும் மட்டும் பின் சில்லுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கும். முன்னும் பின்னும் பாரம் சமமாக இருக்கவேண்டுமாம். ஓட்டுபவருக்குச் சுகம், கிளச் மாற்றுபவன் நாள் முழுக்க மல்லாந்து கிடந்து கழுத்துப் பிடித்து எழும்புவான். இன்னொன்றில் எஞ்சின், கியர்ப் பெட்டி, இழுக்கும் சில்லுகள் எல்லாமே மூக்கில் தொங்கும். அதில் முழங்கைத் தோல் போகும். பணக்காரப் பெடியள் கொண்டுவரும் இரண்டு இருக்கைக் கார்களில் இருக்கைக்கும் பின் சில்லுக்கும் இடையில் எஞ்சினைக் குறுக்காகச் செருகியிருப்பார்கள். அது இடுப்பைப் பிடிக்கும். சின்னக் கார்களில் எஞ்சின் முழுவதும் பின்னால், சில்லுகளுக்கும் அப்பால். அதற்குக் குந்தியிருந்து முழங்கால் நோகும்.

ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி என்று முதலாளியிடம் ஒருநாள் கேட்டேன். வாயிலிருந்த சிகரெட்டை எடுக்காமலே சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வா. மேசையை எங்கே போடுவது என்பதிலேயே எங்கள் ஆட்கள் ஒத்துப்போகமாட்டார்கள். நீ எஞ்சினைப் பற்றிக் கேட்கிறாய்."

நான் வாடகைக்கிருந்த அறைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் இருந்தது. அவரை அண்ணை என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அண்ணை ஊரில் படவரைஞராக இருந்தவர். இங்கே ஆஸ்பத்திரிக் குசினியில் தட்டுக் கழுவினார். எத்தனையோ இடத்துக்கு விண்ணப்பித்துக் களைத்துப்போன பிறகு, சிட்னியில், பரமட்டாவில் ஒரு நிலஅளவைக் கந்தோர் அவரை வேலைக்குக் கூப்பிட்டது. இரண்டு நிபந்தனைகள். காணி பார்க்கப் போவதற்குச் சொந்தக் கார் வேண்டும். திங்கள் காலை அந்தக் காரோடு வந்து நிற்கவேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வார்கள்.

கையிலிருந்த காசுக்குக் கிடைத்தது இரண்டு சிலிண்டர் உள்ள இத்தாலியச் சின்னக் கார் ஒன்றுதான். நான் பார்த்துச் சொல்லித்தான் வாங்கினார். வழித்துணைக்கு வா என்றார். எனக்கும் மெல்பேர்ன் அலுத்திருந்தது. கராஜில் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

சனிக்கிழமை காலை நான் போனபோது காருக்குப் பூசை முடிந்திருந்தது. நான்கு சில்லுகளுக்கும் கீழே எலுமிச்சம்பழம் நசிந்து கிடந்தது. முன் மூடியிலும் சந்தனம், பின் மூடியிலும் சந்தனம். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நல்ல காரடாப்பா நீ பிடிச்சுத் தந்தது. முன்னுக்குக் கற்பூரம் காட்டிப்போட்டுத் திறந்து பாத்தால் எஞ்சினைக் காணேல்லை. பெற்றோல் தாங்கியும் ஒரு சில்லும்தான் கிடக்குது!"

"பெற்றோல் தாங்கிக்கோ கற்பூரம் காட்டினனீங்கள்? இன்னும் கொஞ்சத்தாலை அண்ணையைச் சிட்னிக்கில்லை, மேலை அனுப்பியிருப்பியள்."

"வாயைக் கழுவடா. பிறகு பின்னாலை போய் எஞ்சினுக்கும் எல்லாம் வடிவாச் செய்தனான். ஒரு குறையும் வைக்கேல்லை."

அண்ணை புத்தகப் பெட்டிகளையும் வரைபலகையையும் பின் இருக்கையில் அடுக்கியிருந்தார். எஞ்சினே பின்னால் தொங்கும் காரில் பாரத்தையும் பின்னால் போட்டால் முன் சில்லுகள் றோட்டைப் பிடிக்காது. நான் பெட்டிகளை இறக்கி என் காலடியில் வைத்து, அவற்றின் மேலேயே காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். வீடு பார்த்துக் கூப்பிடுவதாக அண்ணை சொன்னார். கார் கிளம்பியது.

ஹியூம் நெடுஞ்சாலை அப்போது போக ஒன்று வர ஒன்றுதான். பெரிய லொறி எதிரே வந்தால் காற்று எங்களைப் புல்வெளிப் பக்கம் தள்ளும். எஞ்சின் பின்னால் தையல் மெசின் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது, அதனால் பேசவில்லை. அல்பரி தாண்டிய பிறகு காரின் இழுவை குறைந்தது. அண்ணை மிதிக்க மிதிக்க அது மெதுவாகிக்கொண்டே போனது. பிறகு ஒரு கருகல் மணம்.

யூக்கலிப்டஸ் நிழல் ஒன்றில் நிறுத்தினோம். அண்ணை தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தார்.

"எங்கை விடுறது? எங்கை விடுறது?"

"இதிலை தண்ணிக்கு இடமில்லை அண்ணை. காத்துத்தான் குளிர்த்திறது."

பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள துவாரங்களால் காற்று உள்ளே போகும். ஒரு விசிறி அதை இழுத்து எஞ்சின்மேல் அடிக்கும். சூடான காற்று வெளியேற ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. சூடு ஏறினால் அது தானாகத் திறக்கவேண்டும். எஞ்சின் ஆறும் மட்டும் இருந்துவிட்டு மேல் தகரத்தைக் கழற்றினேன். உள்ளே மஞ்சள் நிறம். மஞ்சளில் பிசைந்த அரிசியும் அறுகம்புல்லும் செவ்வந்தி இதழும். பூசையில் தூவுகிற அறுகரிசி. எண்ணெயில் ஒட்டிப் பாதி பொரிந்திருந்தது. அந்தச் சின்னக் கதவின் பிணைச்சலில் அரிசி செருகி, அது திறக்கவேயில்லை. அக்கா துவாரங்களுக்குள்ளால் எஞ்சினுக்கு வடிவாகவே தூவியிருக்கிறார்.

அண்ணை குனிந்து பார்த்தார். ஒரு அரிசியை எடுத்து விரலில் உருட்டினார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அவளுக்குச் சொல்லிப்போடாதை," என்றார். அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். ஆனால் சூட்டில் ஒரு சிலிண்டரின் கஸ்கெற், எஞ்சினின் தலைக்குக் கீழே காற்றுக் கசியாமல் அடைக்கும் தகடு, போயிருந்தது. எஞ்சினைப் போட்டதும் பக்கவாட்டால் 'புஸ் புஸ்' என்று காற்றுக் கசிந்தது. புதுக் கஸ்கெற் ஒன்று என் பெட்டியில் இருந்தது. இத்தாலியக் காரில் வெறுங்கையோடு தூரம் போகாதே என்று முதலாளி தந்துவிட்டது. ஆனால் அந்த வெட்டை வெளியில், புழுதிக்குள், எஞ்சினின் தலையைக் கழற்றி, அது வளைந்திருக்கிறது என்று தெரிந்தால் திரும்பப் பூட்டவும் முடியாது, ஓடவும் முடியாது. ஒன்றரைச் சிலிண்டரில் ஓடட்டும் என்று விட்டோம்.

மட்டமான றோட்டில் ஓடியது. மேட்டில் நடப்பவன் வேகம். லொறிக்காரர் பின்னால் வந்து ஹோர்ன் அடித்து ஏசினார்கள். சனிக்கிழமை இரவு காருக்குள் இருந்தபடியே தூங்கினோம், அல்லது தூங்கப் பார்த்தோம். ஞாயிறு, யாஸுக்கு இந்தப் பக்கம் ஒரு நீளமான ஏற்றம். பாதியில் கார் நின்றுவிட்டது. இரண்டாவது முறையும் நின்றது. அண்ணை ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தார்.

"முடிஞ்சுது தம்பி. திரும்பப் போய்த் தட்டைக் கழுவுவம்."

நான் கதவைத் திறந்து இறங்கினேன். காலடியில் இருந்த புத்தகப் பெட்டிகளை இறக்கினேன். என் பெட்டியையும் வரைபலகையையும் இறக்கினேன்.

"என்ன செய்யிறாய்?"

"நானும் இந்தச் சாமானும் இல்லாட்டி இது ஏறும். நீங்கள் போங்கோ. நான் பின்னாலை வாறன்."

"உன்னை நடுறோட்டிலை விட்டிட்டு எப்பிடியடா போறது?"

"நடுறோட்டு எனக்கென்ன புதுசோ? போங்கோ அண்ணை. முதல் கியரிலையே போங்கோ, மாத்தாதேங்கோ."

எஞ்சினைப் போட்டு முதல் கியரில் விட்டார். பிறகு போனார். கார் அழுதுகொண்டு ஏறியது. மேட்டின் உச்சியில் ஒருகணம் நிற்கிற மாதிரி இருந்தது. அதற்கு அப்பால் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. வெயில். ஈக்கள். நான் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் அடுத்த மேட்டில் நின்றிருந்தால் எனக்குத் தெரியப்போவதில்லை.

அன்று ஒருவரும் நிறுத்தவில்லை. அடுத்த நாள் ஆட்டுமயிர் ஏற்றிய ஒரு லொறிக்காரர் ஏற்றிக்கொண்டார். நான் பரமட்டாவில், முன்பே பேசிவைத்த வாடகை அறை இருந்த வீட்டுக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனபோது வேலை முடிந்து சனம் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. கோடைக்காலம், வெயில் இன்னும் இறங்கவில்லை. கார் வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் நின்றது. அண்ணை வாசற்படியில் காற்சப்பாத்துக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாதிரி?" என்றேன்.

"கார் எங்கை எண்டு கேட்டாங்கள். யன்னலாலை காட்டினன். எல்லாரும் எழும்பி வந்து பாத்துச் சிரிச்சாங்கள்."

"பிறகு?"

"பிறகு ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாங்கள்." சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கக் குனிந்தார். "நாளைக்குப் பென்றித் பக்கம் ஒரு காணி பாக்கப் போகட்டாம். இதிலை."

இருவரும் காரைப் பார்த்தோம். நான் சேர்ட்டைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, பின்னால் போய்க் குந்தினேன். எஞ்சினின் தலையைக் கழற்றி அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரியின் முகம் பார்க்கும் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தேன். வளையவில்லை. புதுக் கஸ்கெற்றை வைத்து இறுக்கினேன். அண்ணை பக்கத்தில் நின்று திருகாணிகளைத் தொப்பிக்குள் சேர்த்து வைத்திருந்தார். வெளிச்சம் போவதற்குள் முடிந்தது.

காலையில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. இரண்டு சிலிண்டரும் அடித்தன. ஒழுங்கை முடிவில் திரும்பும்போது கியர் மாற்றினார், அதுவும் சரியாக விழுந்தது. நான் எழும்பவில்லை. மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.