மரியதாஸ் அண்ணை காட்டிய பலெர்மோ

போன செவ்வாய்க்கிழமை, லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்யும் வீட்டில், வீட்டுக்காரச் சிஞ்ஞோராவின் திரைச்சீலைகளை அயன் பண்ணிக்கொண்டு நின்றேன். மிலானோவிலிருந்து என் பழைய அறைத்தோழன் குலம் தொலைபேசி எடுத்தான். “மரியதாஸ் அண்ணை போயிட்டார் மச்சான். நெஞ்சுநோ.” சுகம்கூட விசாரிக்கவில்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யாரிடம் என்று தெரியாமல், மிச்சத் திரைச்சீலைகளையும் அயன் பண்ணி முடித்தேன்.

இங்கே பலெர்மோவில் அவரை அறியாத தமிழர் குறைவு. மன்னார்க்காரர். பெரிய குரல். யாருக்குப் பேர்மெசோ அலுவல் என்றாலும், அந்த வதிவிட அனுமதிக்காகப் பொலிஸ் அலுவலகத்துக்குத் துணையாகப் போய் நிற்பார். “தனிய நிக்கிறவனைத்தான் திருப்பி அனுப்புவாங்கள்” என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரும் குலமும் நானும் இங்கே பிரான்காச்சோப் பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். ஒரு திங்கட்கிழமை காலை என் பேர்மெசோவுக்கு முறை வந்திருந்தது. இரண்டு வருஷம் காத்திருந்த முறை. முதல் நாள், ஞாயிறு விடியவே அண்ணை எழுப்பினார். “எழும்படா. மூண்டு வருசமா ஆக்களின்ரை வீடு கூட்டினது காணும். இண்டைக்கு ஊர் பாப்பம்.”

வியா மக்வேதா என்ற பெரிய தெருவில் பஸ்ஸால் இறங்கி நடந்தோம். அண்ணையின் கழுத்தில் கமரா. உடுப்பில்லாத சிலைகள் நிற்கும் நீரூற்றடியில் குலம் வெட்கப்பட்டுத் திரும்பி நிற்க, அவனை இழுத்து நிறுத்திப் படம் எடுத்தார். எனக்கு மட்டும் மூன்று தரம் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். மூன்றாவதை வேண்டாமென்றேன். “தின்னடா” என்று அதட்டினார்.

“செத்த ஆக்களைக் காயவைச்சு நிப்பாட்டியிருக்கிற நிலவறை ஒண்டு இருக்காம், அதையும் பாப்பம்” என்றான் குலம்.

அண்ணையின் முகம் மாறிவிட்டது. “அங்கை வேண்டாம். இண்டைக்குச் செத்தவையைப் பாக்க வேண்டாம்.”

பயந்துவிட்டார் என்று நானும் குலமும் பின்னேரம் வரை அவரைப் பகிடி பண்ணினோம். கதீட்ரலில் மெழுகுதிரி கொளுத்தி நெடுநேரம் முழங்காலில் நின்றார்.

“ஆருக்கண்ணை?”

“தெரிஞ்ச ஒரு மனிசிக்கு.”

அதற்கும் சிரித்தேன்.

மறுநாள் பதிவெல்லாம் முடிந்து, கடதாசியுடன் வெளியே வந்தபோது வாசற்படியில் வைத்துச் சொன்னார். “தம்பி, அம்மா வெள்ளிக்கிழமை போயிட்டா.”

சனிக்கிழமையே யாழ்ப்பாணத்துச் செய்தி அவருக்கு வந்திருக்கிறது. குலத்துக்குக்கூடச் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க ஆட்கள் அறைக்கு வந்துவிடுவார்கள் என்றுதான் நாள் முழுக்க என்னை வெளியில் வைத்திருந்தார்.

“நீ கடைக்குட்டி. தாய்க்கு மொட்டையடிக்க வேண்டியவன். சொல்லியிருந்தா உடனை அடிச்சிருப்பாய். மொட்டையோடை போய் நிண்டா, பாஸ்போட் படத்திலை இருக்கிறவன் நீயில்லை எண்டு திருப்பி அனுப்பியிருப்பாங்கள்.”

“நேற்று முழுக்கச் சிரிச்சனே அண்ணை!” என்று கத்தினேன். தெருவே பார்க்க, நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். அவர் தடுமாறி ஒரு படி இறங்கி நின்றார். “கோவிச்சுக்கொள். கடதாசியைக் கசக்காதை” என்றார்.

அன்று பின்னேரமே மொட்டையடித்தேன். அறையை மாற்றினேன். மூன்று வருஷம் அவரோடு முகம் பார்த்துக் கதைக்கவில்லை. வீம்புதான், வேறென்ன. அவர் மிலானோவுக்குப் போன அன்று புகையிரத நிலையத்துக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டேன். அங்கே குளிர் கடுமை என்றேன். ஓம் என்றார். நீங்கள் செய்தது சரி என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. பிறகு வருஷா வருஷம் நத்தார்ப் பண்டிகைக்குத் தொலைபேசியில் கதைத்தோம். ஒவ்வொரு தரமும் அடுத்த தரம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அவரிடம் சொல்லாததை, அவரை அறிந்த உங்களிடம் இந்த அஞ்சலியில் சொல்கிறேன். என் அம்மா வெள்ளிக்கிழமை இறந்தார். எனக்கு மட்டும் ஞாயிறு முழுவதும் உயிரோடு இருந்தார். அந்த ஒரு நாளை அண்ணை எனக்குத் தந்தார். அதை வைத்திருக்கிறேன். அண்ணையின் சாவை ஒரு நாளாவது என்னிடமிருந்து மறைத்து வைக்க இந்த ஊரில் எனக்கு இப்போது ஒருவரும் இல்லை.