பெட்டியின் மேல் குடைகள்

என் அண்ணன் ஏறிய விமானம் இறங்கவே இல்லை. எங்கே விழுந்தது என்றும் யாராலும் சொல்ல முடியவில்லை. ராணுவத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், லீவு முடிந்து பனிமலைக்குத் திரும்பும்போது சாமான் ஏற்றிப் போகும் விமானத்தில் ஓரமாக உட்கார்ந்து போனான். மேகத்துக்குள் போன விமானத்தை அப்புறம் ஒருவரும் பார்க்கவில்லை. தந்தியில் 'காணவில்லை' என்றுதான் இருந்தது. 'இறந்துவிட்டான்' என்று இல்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீடு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மேனாம்பேட்டில் இரண்டு அறை வீடு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தார். தங்கச்சி நானும் அதே எஸ்டேட்டில், பாட்டில் மூடி செய்யும் பிளாஸ்டிக் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலையில் இருந்தேன். அண்ணி நூம்பலிலிருந்து வந்தவள். அண்ணனோடு வாழ்ந்த நாளைவிட அவன் லீவுக்குக் காத்திருந்த நாள்தான் அவளுக்கு அதிகம்.

உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? உடம்பு கிடைக்காவிட்டால் புல்லால் ஆள் மாதிரி செய்து கொளுத்திக் காரியம் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போனவன் அலைவான் என்று வாரத்துக்கு ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணியின் அப்பாவும் அடிக்கடி நூம்பலிலிருந்து சைக்கிளில் வருவார். காபியைக் குடிப்பார், மகளைப் பார்ப்பார், எதையோ சொல்ல ஆரம்பித்து முழுங்கிவிட்டுப் போய்விடுவார். காரியத்தை முடித்துவிட்டுப் பெண்ணை அழைத்துப் போகலாம் என்பது அவர் எண்ணம். எங்கள் அப்பாவுக்கும் அதே எண்ணம்தான், வாய்தான் வரவில்லை. ஒருநாள் அண்ணி தாலியைக் கையில் பிடித்தபடி எல்லோர் எதிரிலும் சொன்னாள்.

"கண்ணால பாக்காம நான் இத்த கயட்ட மாட்டேன்."

அண்ணி இப்படி அடித்துப் பேசிய நாளிலெல்லாம் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். தந்தி வந்த அன்றைக்கே அண்ணன் செத்துப்போய்விட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒப்பாரி வைத்து அழக்கூட விடாமல் இரண்டு பொம்பளைகள் வீட்டைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அப்படிப்பட்ட நான்தான் அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆவடியில் ஒரு பழைய பேப்பர் கடை இருந்தது. மிலிட்டரி குவார்ட்டர்ஸ்காரர்கள் ஊர் மாறிப் போகும்போது எடைக்குப் போடும் சாமான்களெல்லாம் அங்கே வந்து சேரும். மாத நாவல் பொறுக்கப் போனபோது, வாரப் பத்திரிகைக் கட்டுக்கு அடியில் ஒரு வெளிநாட்டு அட்டைப்பெட்டி கிடந்தது. மேலே ஒரு விமானத்தின் படம். இரண்டு வால், நடுவில் பெட்டி மாதிரி உடம்பு. அண்ணன் தான் ஏறிப் போகிற அதே மாதிரி விமானத்தின் முன்னால் நின்று எடுத்து அனுப்பிய போட்டோ எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்ததால், பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள், ஒட்டிச் சேர்த்தால் விமானமாகும் சமாச்சாரம். அப்பாவுக்குக் காட்டலாம் என்று வாங்கிவந்தேன். அண்ணி முந்திக்கொண்டாள்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விமானத்தின் பின்னால் வானத்தில் வரிசையாக வெள்ளைக் குடைகள். பாராசூட். ஒவ்வொரு குடைக்குக் கீழேயும் கறுப்பாக ஏதோ தொங்கியது. பெட்டி எந்தக் காலத்திலோ மழையில் நனைந்திருந்ததால் அந்தப் பக்கமெல்லாம் பழுப்பேறி மங்கிப் போயிருந்தது.

"குதிக்கிறாங்க பாரு," என்றாள் அண்ணி.

அந்தக் குடைகள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அப்படித்தான். அண்ணனும் குதித்திருக்கலாம். பனியில் இறங்கியிருக்கலாம். எல்லை தாண்டி விழுந்து அந்தப் பக்கத்து ஜெயிலில் இருக்கலாம். விமானத்தை ஒட்டிப் பார்த்தால் கதவு எங்கே இருக்கிறது, ஆள் எங்கே உட்காருவான் என்று தெரிந்துவிடும் என்றாள். பைத்தியம் என்று வாய்வரை வந்தது. ஆனால் பல மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் தட்டில் போட்ட சோற்றை முழுசாகச் சாப்பிட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வேலை நடந்தது. துண்டுகளெல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்கின. வெட்டி எடுத்துப் பிசிறு சீவ வேண்டியது என் பொறுப்பு. வாரம் பூரா கம்பெனியில் செய்கிற வேலையை லீவு நாளிலும் சம்பளமில்லாமல் செய்கிறேனே என்று முணுமுணுத்துக்கொண்டு சீவினேன். ஒட்டுவது அண்ணி. விளக்கத் தாள் இங்கிலீஷில் இருந்தது. எங்கள் இருவருக்கும் அது ஓடாது. படத்தையும் அம்புக்குறியையும் பார்த்தே ஒப்பேற்றினோம். இறக்கை வெயிலில் வளைந்து போயிருந்தது. அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அதில் முக்கி, பலகையின் கீழே வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி நிமிர்த்தினோம். அம்மாவும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாகூட வெளியே இருந்து எட்டிப் பார்த்து, எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்.

விமானம் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் குட்டிக் குட்டிப் பொம்மைகள் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று அண்ணி கேட்டாள். கொடுக்கவில்லை என்றேன். உள்ளே சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு. அதன் முனையில், கதவுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். பஸ்ஸில் உள்ளே இடம் இருந்தாலும் படியிலேயே தொங்கிக்கொண்டு வருகிறவன் அண்ணன். அதற்காக அவளிடம் திட்டு வாங்காத நாளில்லை. "இங்கதான் குந்தியிருப்பாரு," என்றாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து நானும் நம்பிவிட்டேன். உண்மையைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்? கம்பெனியில் மூடி வெட்டிக்கொண்டிருக்கும்போதே, அவன் தாடியோடு தெருமுனையில் வந்து நிற்பது மாதிரி நினைத்துக்கொள்வேன். செத்தான் என்று தெளிவாக இருந்த வரைக்கும் எனக்குப் பெரிய தொல்லை இல்லை. நம்ப ஆரம்பித்த பிறகுதான் உடம்பெல்லாம் வலித்தது.

பெட்டியில் வந்த பசை காய்ந்து கல்லாகியிருந்தது. அப்போதுதான் கடைகளில் வர ஆரம்பித்திருந்த, தொட்டால் விரலையே ஒட்டிவிடும் பசையை வாங்கி வந்து, உடம்பின் இரண்டு பாதியையும் சேர்த்து மூடினோம். மறுநாள் பார்த்தால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் உள்பக்கமாக வெள்ளை பூத்திருந்தது. பசையின் புகை உள்ளேயே அடைந்து படிந்துவிட்டதாம், எங்கள் சூப்பர்வைசர் சொன்னார். துடைக்க வழியில்லை. அண்ணி ஜன்னலில் கண்ணை வைத்து வைத்துப் பார்த்தாள். பெஞ்சு தெரியவில்லை. கத்தியை விட்டுப் பிரிக்கலாம் என்று ஒரே பிடியாக நின்றாள், உடைந்துவிடும் என்று அம்மாதான் பிடுங்கி வைத்தாள். அப்புறம் சக்கரத்தை மாட்டி நிறுத்தினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்தது. மூடுவதற்கு முன் மூக்குக்குள் கனமாக ஏதாவது வைத்திருக்க வேண்டுமாம். அதைத் தாளில் படம் போட்டே காட்டியிருந்தார்கள், நாங்கள் கவனிக்கவில்லை. அப்பா வாலுக்குக் கீழே ஒரு தீப்பெட்டியைச் செருகி நிமிர்த்தினார்.

அந்த வாரத்தில்தான் அப்பா ஒரு சேதி கொண்டுவந்தார். பின்தெருவில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர் படையிலிருந்து ஓய்வு பெற்றவராம், இதே விமானத்தில் வருஷக்கணக்கில் போய்வந்தவராம். சலூனில் பேச்சு வாக்கில் சொல்லியிருக்கிறார். அண்ணிக்கு நிலைகொள்ளவில்லை. குடை பிடித்துக் குதித்தால் எவ்வளவு தூரம் தள்ளிப் போய் இறங்குவார்கள், அந்தக் குளிரில் எத்தனை நாள் தாங்கும், அவரைத்தானே கேட்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து நல்ல புடவை கட்டிக்கொண்டாள். விமானத்தைத் துண்டில் சுற்றி அவள் எடுத்துக்கொண்டாள். அட்டைப்பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். அம்மா வாசல் வரைக்கும் வந்து நின்றாள்.

அவர் நல்ல மனுஷன். விமானத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. படையில் இதைப் பாக்கெட் என்றுதான் கூப்பிடுவோம், உள்ளே ஏறினால் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது, அவ்வளவு இரைச்சல் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் யார் வீட்டுப் பெண்கள் என்று அவருக்கு இன்னும் தெரியாது. அண்ணி டீயைத் தொடாமல், குதித்தால் எவ்வளவு தூரம் போவார்கள் என்று கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. யார் குதித்தால் என்றார். அவள் பெட்டியின் மேல் இருந்த குடைகளைக் காட்டினாள்.

அவர் பெட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மங்கலான இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது ஆளு இல்லம்மா. மூட்டை."

நானும் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு குடைக்குக் கீழேயும் சதுரமாக, கயிறு போட்டுக் கட்டிய பொட்டலம். காலும் இல்லை, கையும் இல்லை. இத்தனை மாதம் அதில் நாங்கள் எப்படி மனுஷனைப் பார்த்தோம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"அப்ப ஆளுங்களுக்கு?" என்றாள் அண்ணி.

குதிக்கிறவர்கள் அதற்கென்றே பழகியவர்கள், அவர்கள் வேறு என்றார் அவர். அப்புறம் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"சும்மா ஏறிப் போற ஆளுக்கு ஏதும்மா குடை? பனிமல மேல கீறவங்களுக்கு அரிசி போடுவோம், மாவு, மண்ணெண்ண டின்னு. அதுக்குத்தான் கட்டுவோம்."

சொல்லி முடித்த பிறகுதான் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காணாமல் போனவன் வீட்டுப் பெண்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அவர் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி மட்டும் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரிசிக்குக் குடை கீது," என்றாள்.

அழவில்லை. எழுந்தாள், செருப்பைப் போட்டுக்கொண்டாள், நடந்தாள். விமானத்தை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, அவரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே அப்பாவிடம் போய், காரியத்துக்கு நாள் பாருங்கள் மாமா என்றாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பின்தெருக்காரர் என்ன சொன்னார் என்று அம்மா என்னைத்தான் கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன்.

அந்த மாதத்திலேயே காரியம் நடந்தது. புல்லில் செய்த உருவத்துக்கு அண்ணனின் சட்டையைப் போர்த்தினார்கள். சின்னதாகத்தான் செய்திருந்தார்கள், சட்டை அதை முழுக்க மூடிவிட்டது. பற்றவைத்ததும் பொசுக்கென்று எரிந்து அடங்கியது. ஆள் எரிகிற நேரம்கூட ஆகவில்லை என்று யாரோ சொன்னார்கள். அண்ணியின் தாலியைக் கழட்டினார்கள், கழுத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினாறாம் நாள் முடிந்து அவள் அப்பாவோடு நூம்பலுக்குப் போனாள். சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லதுதான் நடந்தது, இழுத்துக்கொண்டே கிடந்தது ஒரு வழியாக முடிந்தது என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அம்மா மட்டும் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், பேச்சு இல்லை. எத்தனையோ நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டேவிட்டேன். நான் என்ன செய்துவிட்டேன், உண்மையைக் கேட்டு வந்தது ஒரு குற்றமா என்று கத்தினேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலேயே சொன்னாள்.

"கேக்காம வந்துருந்தீங்கன்னா, எம்புள்ள இன்னும் கொஞ்ச நாளு உசுரோட இருந்துருப்பான்."